மில் கலண்டரின் ஒக்டோபர் தாள்

பொறாமை என்ற சாமான் தன்னிடம் அறவே இல்லை என்றுதான் ஜவுபர் சேர் ஐம்பத்தாறு வயது வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதில் பொய்யும் இல்லை. பொறாமைப்படுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே. கல்முனைக்குடியில் உலக வரலாறு என்றால் ஜவுபர் சேர், ஜவுபர் சேர் என்றால் உலக வரலாறு. அவருக்குப் போட்டியாக வந்து நிற்க யாருக்கும் தோன்றவில்லை, யாருக்கும் அவ்வளவு நேரமும் இருக்கவில்லை.

அவருடைய பெருமை முழுவதும் ஒரு கலண்டரில் இருந்தது. காலிதீன் ஹாஜியாரின் நெல் மில் ஒவ்வொரு வருடமும் ஐயாயிரம் கலண்டர் அடிக்கும். வெள்ளாமை வெட்டி நெல்லோடு மில்லுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று. அங்கால் அட்டாளைச்சேனை, தம்பிலுவில், இங்கால் பாண்டிருப்பு என்று எந்த வீட்டுச் சமையல் குசினிக்குள் போனாலும் ஆணியில் அது தொங்கும். மேலே மில்லின் படம். நடுவில் திகதிகள்: இங்கிலீஷ் திகதி பெரிதாக, பிறைத் திகதி பச்சையில் சின்னதாக, பௌர்ணமிப் போயா தினம் மஞ்சளில். அடியில் ‘இம்மாதத்தில் உலகம்’ என்று ஒரு கட்டம். அந்த மாதத்தில் உலகத்தில் நடந்த எட்டுச் சம்பவங்கள் அதில் இருக்கும். கட்டத்துக்கும் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி: ‘தொகுப்பு: ஜவுபர், வரலாற்று ஆசிரியர்.’ மற்றவர்களுக்கு அது கண்ணில் படுவதே கஷ்டம். ஜவுபருக்கோ மில்லின் படத்தைவிட அந்த வரிதான் பெரிதாகத் தெரியும்.

2011 தொடக்கம் 2023 வரை பதின்மூன்று கலண்டர் அவர் கையால் வந்தது. ஓகஸ்ட் மாதம் பிறந்தால் மேசையில் புத்தகங்களைப் பரப்பிவிடுவார். ஒரு மாதத்துக்கு ஒரு யுத்தம், ஒரு கண்டுபிடிப்பு, இஸ்லாமிய உலகத்தில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பிடித்த ஒன்று என்று பார்த்துப் பார்த்து அடுக்குவார். மாதங்களைப் பற்றி மனிதர்களைப் பற்றிக் கதைப்பது போலவே கதைப்பார். ஜூலை வசதியான மாதமாம். பஸ்தில் சிறை உடைந்ததும் சந்திரனில் மனிதன் கால் வைத்ததும் அதிலேதானாம். ஒக்டோபருக்கும் குறைவில்லையாம், ஸலாஹுத்தீன் ஜெருசலத்தை மீட்டது, கொலம்பஸ் கரை கண்டது, முதல் செய்மதி மேலே போனது எல்லாம் அங்கேதானாம். பெப்ரவரிதான் பாவமாம், இருக்கிற நாளும் குறைவு, இழுத்துப் பிடித்துத்தான் எட்டு ஆக்க வேண்டுமாம். அவர் மனைவி ஹுஸ்னியா கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே இதையெல்லாம் கேட்பாள். கேட்டாளா இல்லையா என்பது அவளுக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும்.

நஜீம் வந்தது அந்த வளவுக்குள்ளேயே. இந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். ஹுஸ்னியாவின் வாப்பா இரண்டு பெண்மக்களுக்கும் ஒரே வளவில் இரண்டு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். ஒரு கேற், ஒரு கிணறு, இரண்டு குசினி. மூத்தவள் வீட்டில் ஜவுபர். இளையவள் றிஸ்னாவை நஜீம் 2010 டிசம்பரில் முடித்தான். முடித்து ஒரு மாதத்தில் கட்டாருக்குப் போனான். பன்னிரண்டு வருடம் டோஹாவில் ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவான், போவான். 2022இல் ஒரேயடியாக வந்து கல்முனை பஸாரில் மின்சாரச் சாமான் கடை ஒன்று போட்டான். படித்தது பதினோராம் வகுப்பு, சாதாரண தரம் மட்டும். அதனால் ஜவுபர் அவனைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார்.

நஜீமுக்கும் வரலாற்றுப் பைத்தியம் இருந்தது. அதோடு அவனுக்குக் கதை சொல்லத் தெரிந்தது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் கடைக்காரர், மேசன், ஆட்டோ ஓட்டுகிறவர் என்று நாலு பேர் கூடிவிடுவார்கள். டைட்டானிக் கப்பல் முழுகினதை நேரில் கண்டவன் மாதிரிச் சொல்வான். இந்தப் பக்கத்துச் சன்னலில் ஜவுபர் இருந்து கேட்பார். கப்பலின் நீளத்தை அவன் பிழையாகச் சொன்னான் என்று பல்லைக் கடிப்பார். ஆனால் சன்னலைச் சாத்தமாட்டார். கதையின் முடிவு தெரிய வேண்டுமே. அந்தக் கதை எப்படி முடியும் என்று உலகத்துக்கே தெரியும், அவருக்கும் தெரியும், இருந்தாலும் கேட்பார்.

அந்த நாலு பேரில் ஒருவர் மூலம் விஷயம் ஹாஜியாரின் காதுக்குப் போனது. 2023 செப்டெம்பரில் ஹாஜியார் ஜவுபரை மில்லுக்குக் கூப்பிட்டார். பிளேன்டீ வந்தது. பெருநாள் பலகாரமான வட்டிலப்பமும் வந்தது. வட்டிலப்பம் வந்தபோதே ஜவுபருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

“சேர், பதிமூணு வருஷமா நீங்கதான் செஞ்சி தந்தீங்க. இந்த முறை நஜீம் தம்பி ஒருக்காச் செய்யட்டும். அவர் சொன்னா நம்மட வெள்ளாமக்காரனுக்கும் விளங்குது.”

சந்தோஷம் ஹாஜியார் என்றார் ஜவுபர். இரண்டு தரம் சொன்னார். மோட்டார் சைக்கிளில் ஏறி வீட்டுக்கு வெளிக்கிட்டவர் வீட்டுக் கேற்றைத் தாண்டி, சந்தியைத் தாண்டி, கடற்கரைக்கே போய்விட்டார். மணலில் சில்லுப் புதைந்த பிறகுதான் எங்கே வந்திருக்கிறோம் என்று தெரிந்தது. வயிறு அப்படி எரிந்தது. விளங்குதாம். அப்போ பதின்மூன்று வருடமாக யாருக்கும் விளங்கவில்லையா? விளங்காமலா ஆணியடித்துத் தொங்கவிட்டார்கள்? திரும்பி வருகிற வழியெல்லாம் இதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

ஒரு மாதம் கழிந்தது. நஜீம் தடித்த மட்டை போட்ட ஒரு சிஆர் கொப்பியோடு வந்து நின்றான். பன்னிரண்டு மாதமும் எழுதியாகிவிட்டது. கொப்பிக்கு மேலே ஒரு சிவப்புப் பேனையையும் வைத்து இரண்டு கையாலும் நீட்டினான். அச்சுக்குக் கொடுக்க முதல் காக்கா ஒருக்காப் பார்க்க வேண்டும், பிழை இருந்தால் பயப்படாமல் வெட்ட வேண்டும் என்றான். மூத்த சகலனை, சொந்த அண்ணனைப் போல, காக்கா என்றுதான் அவன் கூப்பிடுவான். அந்த மரியாதையும் ஜவுபருக்குச் சுள்ளென்று குத்தியது. சிவப்புப் பேனையைக் கொண்டு வந்து தருகிற அளவுக்கு இவனுக்கு என்ன தைரியம் என்று நினைத்தார்.

அன்று பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டுக் கொப்பியோடு உட்கார்ந்தார். பிழை பிடிக்கத்தான் உட்கார்ந்தார், மறைப்பானேன். ஜனவரி சரி. பெப்ரவரியும் சரி, அதிலும் இழுத்துப் பிடித்த மாதிரியே தெரியவில்லை. ஏப்ரலில் விண்வெளிக்குப் போன முதல் மனிதனைப் பற்றி எழுதியிருந்தான்: ‘1961: ஒரு தச்சனின் மகன் உலகத்தை நூற்றியெட்டு நிமிடத்தில் சுற்றி வந்தான்.’ ஜவுபர் எழுதினால் ஆளின் பெயரும் விண்கலத்தின் பெயரும் நாட்டின் பெயரும் போட்டிருப்பார். தச்சனைப் போட்டிருக்கமாட்டார்.

டிசம்பரைப் புரட்டினார். தென்துருவம், முதல் விமானம், மனித உரிமைப் பிரகடனம் எல்லாம் இருந்தன. அதற்குப் பிறகு இருபத்தாறாம் திகதி. ஒவ்வொரு வருடமும் அவர் அந்த இடத்தில் ‘2004: சுனாமி’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். ஊருக்குத் தெரியாததா, அதற்கு மேல் என்னத்தை எழுதுவது. நஜீம் எழுதியிருந்தது இது: ‘2004: கடல் ஊருக்குள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை.’

ஜவுபர் கொப்பியை மூடினார். திறந்தார். மறுபடியும் வாசித்தார். அந்த ஒரு சொல் ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று நெஞ்சுக்குள் ஒரு புழு நெளிந்தது. பிள்ளைகள் வீட்டில் நின்ற நாள் அது. மதறஸா பாதி நேரத்தில் விட்ட நாள். அதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருந்தது. இப்படி ஒரு சொல்லைச் சாதாரண தரம் படித்தவன் எழுதலாமா? அவருக்கு அழுகை வந்ததா ஆத்திரம் வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டும் வந்திருக்கும்.

பிறகுதான் ஒக்டோபரைப் பார்த்தார். கண்டார். ‘25, 1917: ருஷ்யாவில் ஒக்டோபர் புரட்சி.’

அப்பாடா.

பெயரில் ஒக்டோபர் இருந்தாலும் அந்தப் புரட்சி நம்முடைய கலண்டரில் நவம்பர் ஏழு. ருஷ்யாக்காரர் அந்தக் காலத்தில் வைத்திருந்தது பழைய கலண்டர், பதின்மூன்று நாள் பின்னுக்கு நின்றது. காரைதீவில் இருந்த இராசதுரை சேர், அந்தக் காலத்தில் பெரிய இடதுசாரி, முன்னொரு தரம் இதை ஜவுபருக்கு விளக்கமாக எழுதியிருந்தார். எதற்காக எழுதினார் என்பது ஜவுபருக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகப்படுத்திப் பார்க்கவும் அவர் மெனக்கெடவில்லை. கண்ட சந்தோஷம் அப்படி.

மறுநாள் கொப்பியைக் கொடுத்தார். நல்லா இருக்கு, அப்படியே அச்சுக்குக் கொடுக்கலாம் என்றார். சிவப்புப் பேனையையும் கொடுத்தார். அதன் மூடியைக்கூட அவர் கழற்றவில்லை. நஜீமின் முகம் பூரித்துப்போனது. காக்கா பார்த்தபிறகு இனி எனக்குப் பயமில்லை என்று சொல்லிக்கொண்டே போனான். கொப்பி அச்சகத்துக்குப் போக ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளில் ஜவுபர் இரண்டு தரம் சொல்லிவிடுவோமா என்று கிணற்றடி மட்டும் போனார். இரண்டு தரமும் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

2024 கலண்டர் வந்தது. ஐயாயிரம் பிரதியிலும் ஒக்டோபர் இருபத்தைந்து அப்படியே இருந்தது. தாள்களைத் தூக்கி ஜவுபர் முதலில் பார்த்தது அதைத்தான். ஹுஸ்னியா ஒன்றைக் கொண்டுவந்து, பதின்மூன்று வருடமாக அவருடைய கலண்டர் தொங்கின அதே ஆணியில் மாட்டினாள். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி தாளைப் புரட்டிவிட்டுச் சத்தமாக வாசிக்கவும் தொடங்கினாள். அவருடையதை அவள் ஒரு நாளும் வாசித்ததில்லை. உங்கடது பாடம் மாதிரி, இது கதை மாதிரி இரிக்கி என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். ஜவுபர் அன்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்.

வெளியில் போனாலும் நிம்மதியில்லை. பாடசாலையில் பிள்ளைகள் தச்சனின் மகனைப் பற்றிக் கேட்டார்கள். பாண்டிருப்பில் ஒரு விவசாயி, ஹாஜியார்ட கலண்டர் இந்த முறைதான் கலண்டர் மாதிரி இருக்கு என்றார், அதுவும் ஜவுபரிடமே. பல்லைக் காட்டி ஓம் ஓம் என்று தலையாட்டினார். உள்ளுக்குள் ஒரே நினைப்பு: ஒக்டோபர் வரட்டும். மார்ச்சில் நினைத்தார், மேயில் நினைத்தார். றமழான் மாதத்தில் நோன்போடும் நினைத்தார், பிறகு பயந்துபோய் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்தார், பெருநாள் கழிந்ததும் மறுபடி நினைத்தார். அந்த எட்டு மாதத்துக்குள் நஜீமின் வரிகளெல்லாம் வரிசை பிசகாமல் மனப்பாடமாகிவிட்டது. வயதுக்கு வந்த பிறகு வேறொருவர் எழுத்தை அவர் அப்படி மனப்பாடம் செய்ததே இல்லை.

ஒக்டோபரும் வந்தது. நாலாம் திகதி வெள்ளிக்கிழமை. மில்லுக்குப் புது மெசின் இறக்கின சந்தோஷத்துக்கு ஹாஜியார் ஜும்ஆவுக்குப் பிறகு தன் வீட்டில் கந்தூரி கொடுத்தார். பாய் விரித்து வரிசையாகச் சஹன் வைத்திருந்தார்கள். சஹன் என்றால் பெரிய தட்டு. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் ஆளுக்கொரு பக்கமாகச் சாப்பிடுவார்கள். யார் யாரோடு உட்கார்ந்தாலும் அந்த நேரத்துக்கு எல்லோரும் ஒரு வயிறுதான். ஜவுபர் உட்கார்ந்த சஹனில் அவருக்கு நேரே நஜீம் இருந்தான். பக்கத்தில் ஹாஜியார். மற்ற மூவரும் ஊர்ப் பெரியவர்கள்.

சோறு பாதி இறங்கினதும் யாரோ கலண்டரைப் புகழ்ந்தார்கள். இதற்குத்தானே அவர் பத்து மாதம் காத்திருந்தார். தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு மெல்லத் தொடங்கினார்.

“ஒண்டு சொல்லணும். பிழையா எடுக்கப்படாது. இந்த மாசத் தாள்ல ருஷ்யாப் புரட்சியப் போட்டிரிக்கி. அது நவம்பர்ல வாற விஷயம். ஐயாயிரம் வீட்டுல பிழை தொங்குது.”

விளக்கமும் சொன்னார். நமக்குப் பிறைக் கலண்டர் ஒன்று, இங்கிலீஷ் கலண்டர் ஒன்று என்று இரண்டு இருக்கிற மாதிரி அவர்களுக்கும் இரண்டு இருந்தது என்றார். இரண்டு கலண்டரோடு வாழ்கிற நாமே இதில் தடுக்கி விழலாமா என்று சிரித்தார். நன்றாகத்தான் சொன்னார். வாழ்க்கையில் அவர் நடத்தின நல்ல பாடங்களில் அது ஒன்று. ஹாஜியாரின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அவர் பெயர் போட்ட கலண்டர், அவர் வீட்டுக் கந்தூரி, ஊர்ப் பெரியவர்களுக்கு முன்னால். எல்லோரும் நஜீமைப் பார்த்தார்கள்.

நஜீம் ஜவுபரைத்தான் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கண்ணைத் தாழ்த்தினான்.

“ஓம். பிழைதான். என்ட பிழை.”

தன் பக்கத்தில் கிடந்த நல்ல இறைச்சித் துண்டு ஒன்றை விரலால் தள்ளித் தள்ளித் தட்டின் அந்தப் பக்கத்துக்கு, காக்காவின் சோற்றுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டான். சஹனில் இளையவர்கள் மூத்தவர்களுக்குச் செய்கிற மரியாதை அது. சாப்பிடாமல் விட்டால் குறை. ஜவுபர் சாப்பிட்டார். இறைச்சி பதமாக வெந்திருந்தது.

ஒரு கிழமைக்குள் ஹாஜியாரிடமிருந்து ஆள் வந்தது. அடுத்த வருடக் கலண்டரை ஜவுபர் சேரே செய்ய வேண்டுமாம். அன்று அவர் நடந்த நடையைப் பார்க்க வேண்டும். அலுமாரியைத் திறந்தார், புத்தகங்களைத் தூசி தட்டினார், வெள்ளைத் தாளில் முதலில் எழுதியதே ‘தொகுப்பு: ஜவுபர்’ என்ற வரிதான். வளவுக்குள் மட்டும் காற்று மாறியிருந்தது. அந்தக் குசினியிலிருந்து இந்தக் குசினிக்குக் கறிக்கோப்பை வருவது நின்றுவிட்டது. றிஸ்னா கிணற்றடியில் ஜவுபர் மச்சானைக் கண்டால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். ஹுஸ்னியா ஒரு நாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“கொப்பியத் தந்தப்ப நீங்க பாத்தீங்கதானே?”

கண்ணில் படவில்லை என்றார் ஜவுபர். அவள் மீனை வெட்டினாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

வேலையைத் தொடங்கினவருக்குத் தன் பழைய கலண்டர்கள் தேவைப்பட்டன. பன்னிரண்டு இருந்தன. முதலாவது, 2011, இல்லை. அதை நஜீம் கட்டாருக்குக் கொண்டுபோனானே என்றாள் ஹுஸ்னியா. சனிக்கிழமை முற்பகல், நஜீம் கடையில் நிற்கிற நேரம் பார்த்து, அடுத்த வீட்டுக்குப் போனார். றிஸ்னா கதவைத் திறந்தாள். அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் தொங்குது, எடுத்துப் பாருங்க என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

தொங்கியது. தாள்கள் பழுத்து, ஓரங்களுக்கு ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. கலியாணம் முடித்து ஒரு மாதத்தில் வெளிக்கிட்டவன் ஒவ்வொரு நாளையும் நீலப் பேனையால் வெட்டியிருந்தான். ஜனவரி இருபதில் தொடங்கி ஒரு நாள் தவறாமல் வெட்டு. கீழே கட்டத்தில் அவருடைய சம்பவங்கள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னச் சின்னக் கேள்விகள் எழுதியிருந்தான்: ‘ஏன்?’, ‘எவ்வளவு பேர்?’, ‘இவனுக்குப் பிள்ளைகள் இருந்ததா?’ ஜவுபர் தாள்களைத் தூக்கிக்கொண்டே போனார். ஏப்ரலில் விண்வெளி வீரனுக்குப் பக்கத்தில் ‘வாப்பா என்ன தொழில்?’ என்று இருந்தது. கேள்விக்குக் கீழே, வேறொரு பேனையில், பிறகு எப்போதோ தேடிக் கண்டுபிடித்து எழுதியது: ‘தச்சன்.’

ஒக்டோபரைத் தூக்கினார். ‘25, 1917: ருஷ்யாவில் ஒக்டோபர் புரட்சி.’ அச்சில், அவருடைய சொல்லில், அவருடைய பெயருக்கு மேலே.

இராசதுரை சேர் எதற்காக எழுதினார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இதற்காகத்தான். முதல் கலண்டரைப் பார்த்துவிட்டு ஒரு தபாலட்டை போட்டிருந்தார். வெட்கத்தில் அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, அடுத்த வருடம் ஓசைப்படாமல் நவம்பருக்கு மாற்றிவிட்டார் ஜவுபர். யாருக்கும் தெரியாது. டோஹாவில் ஓர் அறைச் சுவரில் மட்டும் அந்தப் பிழை பன்னிரண்டு வருடம் தொங்கியிருக்கிறது. அந்தச் சுவரைப் பார்த்துத்தான் ஒருவன் வரலாறு படித்திருக்கிறான்.

கேற் சத்தம் கேட்டது. நஜீம் லுஹர் தொழுகைக்கு முதல் சாப்பிட வந்தவன், அறை வாசலில் வந்து நின்றான். காக்காவின் கையில் எந்தத் தாள் இருக்கிறது என்று கண்டுகொண்டான்.

“நீ ஏன் சஹன்ல வச்சிச் சொல்லல்ல? இது என்ட பிழை எண்டு ஏன் சொல்லல்ல?” ஜவுபர் தாளைக் கையிலிருந்து விடாமல் கேட்டார்.

“நீங்க கொப்பியப் பாத்திட்டு ஏன் சொல்லல்ல எண்டு நானும் கேக்கல்லையே காக்கா.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. தெரிந்திருக்கிறது. கந்தூரியில் கண்ணுக்குக் கண் பார்த்த அந்தக் கொஞ்ச நேரத்திலேயே அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டுதான் இறைச்சித் துண்டைத் தள்ளியிருக்கிறான். ஜவுபர் நின்ற இடத்தில் அவமானத்தில் செத்தார். அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருந்தது. அந்த நேரத்திலும் அவர் மனதுக்குள், இப்படி வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு ஏலாமல் போயிற்றே, இதிலும் இவன் என்னை முந்திவிட்டானே என்ற பொறாமைதான் முதலில் எழும்பியது.

சோற்றுக்கு நிற்காமல் மில்லுக்குப் போனார். 2011இல் பிழை விட்டது நான், போன வருடம் அதைக் கண்டும் சொல்லாமல் விட்டது நான், கலண்டரை நஜீமே செய்யட்டும் என்றார். ஹாஜியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நீங்க ரெண்டு பேரும் என்ட கலண்டர வச்சி என்ன விளையாடுறீங்க என்று சிடுசிடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சரி என்றார்.

நஜீம் எழுதினான். கொப்பியையும் சிவப்புப் பேனையையும் மறுபடி கொண்டுவந்து நீட்டினான், அவனுக்கு அப்படி ஒரு மனம். ஜவுபர் இந்த முறை மூடியைக் கழற்றினார். மூன்று இடத்தில் வெட்டினார். நவம்பர் ஏழுக்குக் கீழே தன் கையால் ஒரு வரியும் சேர்த்தார். அச்சிலும் அது அப்படியே வந்தது.

அதனால் பொறாமை தொலைந்துபோனதா என்று கேட்டால், போகவில்லை. 2025 கலண்டர் அதே ஆணியில் தொங்கியது. பன்னிரண்டு தாளிலும் ‘தொகுப்பு: நஜீம்’. ஹுஸ்னியா முதலாம் திகதிகளில் வாசித்தாள், அவருக்கு முதலாம் திகதிகளில் வயிறு எரிந்தது. கறிக்கோப்பை மட்டும் மறுபடி வரத் தொடங்கியிருந்தது. எரிகிற வயிற்றோடு அதையும் சாப்பிட்டார்.

நவம்பர் முதலாம் திகதி காலை ஹுஸ்னியா தாளைப் புரட்டினாள். பெர்லின் சுவர் விழுந்ததை வாசித்தாள். ருஷ்யாப் புரட்சியை வாசித்தாள். அதற்குக் கீழே இருந்ததில் வந்து நின்றாள். பிறகு அதையும் சத்தமாக வாசித்தாள்.

“2011ஆம் வருடக் கலண்டரில் இதை ஒக்டோபரில் போட்டது என் பிழை. 2024இல் மறுபடி ஒக்டோபரில் வந்ததைக் கண்டும் சொல்லாமல் விட்டதும் என் பிழை. ஜவுபர்.”

அந்தக் கிழமை முழுவதும் ஊரில் வேறு பேச்சில்லை. பாடசாலையில் பிள்ளைகள் சுற்றி நின்று கேட்டார்கள். கண்டும் ஏன் சேர் சொல்லல்ல என்று ஒரு பிள்ளை கேட்டது. பொறாமையில் என்று வகுப்புக்கு முன்னாலேயே சொன்னார். தம்பிலுவிலிலிருந்து நெல்லோடு வந்த ஒரு முதியவர், கலண்டரில் பிழையை ஒத்துக்கொண்ட மனுஷனைப் பார்க்க வேண்டும் என்று மில்லில் விசாரித்தாராம். பெர்லின் சுவரை யாரும் கதைக்கவில்லை. மற்ற ஏழு சம்பவத்தில் ஒன்றையும் யாரும் கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஜவுபர் கிணற்றடியில் நின்றார். நஜீம் வாளியோடு வந்தான். வாளியை இறக்கினான், இழுத்தான், ஊற்றினான். போகாமல் நின்றான்.

“எல்லாரும் உங்கட வரியத்தான் கதைக்கிறாங்க காக்கா. பன்னெண்டு மாசம் நான் எழுதினன், ஒருத்தரும் அதக் கேக்கல்ல.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அந்தக் குரலுக்குள் ஏதோ ஒன்று இலேசாகக் கரகரத்தது. ஜவுபருக்கு அது என்னவென்று யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. இரண்டு வருடமாக அதே குரலோடுதான் அவர் இந்த வளவுக்குள் குடியிருந்தார். அவர் தன் வாளியையும் நிரப்பி நஜீமின் வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். வா தம்பி, டீ குடிப்பம் என்றார்.